வெளிச்ச விசை வேலை செய்யவில்லையா? ஒட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்

அக்காவின் பழைய லப்டொப்பில் லினக்ஸ் போட்டேன். எல்லாம் வேலை செய்தது, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு விசைகளைத் தவிர. இரவில் திரை கண்ணைக் குத்தியது. இணையத்தில் தேடி, யாரோ எழுதிய கட்டளையை என்னவென்று பார்க்காமலே ஒட்டினேன். மறுபடி போட்டபோது திரை முழுக்கக் கறுப்பு. அடுத்த நாள் காலை கட்டுரை ஒப்படைக்க வேண்டும்!

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். விசை வேலை செய்யாவிட்டால் முதலில் கட்டளையைத் தேடாதீர்கள். எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுங்கள்.

நீங்கள் விசையை அழுத்தினால் அந்தச் செய்தி ஃபேர்ம்வேர் வழியாகக் கெர்னலுக்குப் போகிறது. கெர்னல் டெஸ்க்டொப்புக்குச் சொல்கிறது. டெஸ்க்டொப் ஒரு புதிய எண்ணைக் கொடுக்க, திரைக்குப் பின்னால் உள்ள விளக்கு மாறுகிறது. இதில் எந்தக் கண்ணி போனாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: திரை அசையாது. ஆனால் மருந்து வேறு வேறு.

முதல் சோதனை மிகச் சுலபம். செட்டிங்ஸில் இருக்கும் வெளிச்சக் கோட்டை எலியால் இழுத்துப் பாருங்கள்.

வெளிச்சம் மாறினால் திரையில் பிழை இல்லை, விசையில்தான். எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்திப் பாருங்கள். பிறகு ஈவ்டெஸ்ட் என்ற சிறு நிரலை ஓடவிட்டு விசையை அழுத்துங்கள். ஏதாவது பதிவானால் டெஸ்க்டொப்பின் குறுக்குவிசை அமைப்பைப் பாருங்கள். எதுவுமே பதிவாகாவிட்டால் கோளாறு இன்னும் கீழே, ஃபேர்ம்வேர் பக்கம் இருக்கக்கூடும்.

கோடே இல்லையென்றால், நிறுவும்போது போட்ட 'நோமோட்செட்' என்ற சொல் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் முழுதாக ஏறாது. வெளிச்சக் கட்டுப்பாடும் வராது.

கோடு நகர்ந்தும் வெளிச்சம் மாறாவிட்டால், 'சிஸ்' கோப்புறைக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'பேக்லைட்' என்று போய்ப் பாருங்கள். சில இயந்திரங்களில் அங்கே இரண்டு பெயர்கள் இருக்கும். டெஸ்க்டொப் தவறான ஒன்றோடு பேசிக்கொண்டிருக்கலாம். எதைப் பயன்படுத்துவது என்பதைக் கெர்னலுக்குச் சொல்லத்தான் 'ஏசிபிஐ பேக்லைட்' என்ற அளவுரு இருக்கிறது. அதற்கு 'நேட்டிவ்', 'வீடியோ', 'வெண்டர்' என்று பல மதிப்புகள். இன்னொருவரின் லப்டொப்பைக் காப்பாற்றிய மதிப்பு உங்களுடையதை இருட்டாக்கலாம். எனக்கு நடந்தது அதுதான்.

அதனால் எந்த அளவுருவையும் முதலில் ஒரு தடவைக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். கிரப் பட்டியல் வரும்போது 'ஈ' எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் அதைச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். சரிவராவிட்டால் மறுபடி போடும்போது அது போய்விடும். என் கறுப்புத் திரையையும் இதே வழியில், நான் சேர்த்த சொல்லை அழித்துத்தான் மீட்டேன்.

'எக்ஸ்ரேண்டர்' கட்டளையால் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்வோரும் உண்டு. அது படத்தை மட்டும்தான் இருட்டாக வரைகிறது. விளக்கு அதே வேகத்தில் எரியும், பட்டரியும் அதே வேகத்தில் இறங்கும்.

"இவ்வளவு யோசிக்க எனக்கு நேரமில்லை, ஒட்டினால் முடிந்தது" என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொன்னேன். மிச்சம் பிடிக்க நினைத்தது ஐந்து நிமிடம், போனது ஒரு முழு இரவு. தற்செயலாகச் சரிவந்திருந்தாலும், அடுத்த அப்டேட்டில் மறுபடி உடையும்போது நான் பழைய இடத்திலேயே நின்றிருப்பேன்.

2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நல்ல நிலையில் உள்ள பல பழைய லப்டொப்புகளுக்கு இனி லினக்ஸ்தான் வாழ்வு. அம்மாவோ மாமாவோ "இந்த வெளிச்சம் குறையுதில்லை, ஒருக்கா பார்" என்று உங்களிடம்தான் கொண்டுவருவார்கள். அப்போது கட்டளையை ஒட்டாமல், முதலில் அந்தக் கோட்டை இழுத்துப் பாருங்கள்.