கொள்ளிவாய்ப் பிசாசு

கம்பத்தில் ராத்திரி தண்ணி பாய்ச்சப் போகும்போது என் தாத்தா இடுப்பில் அரிவாள் சொருகிக்கொள்வார். ''எதுக்குத் தாத்தா?''

''கொள்ளிவாய்ப் பிசாசு வந்துச்சுன்னா?''

கொள்ளி என்றால் எரிகிற கட்டை. வாயில் நெருப்பு, அதனால் அந்தப் பெயர். 'கொள்ளி' தமிழ், 'பிசாசு' வடமொழி. அந்தக் காலத்திலேயே கூட்டணி!

சேற்றில் இலைதழை அழுகி வரும் மீத்தேன் பற்றிக்கொள்வதுதான் பிசாசு என்கிறது விஞ்ஞானம். தண்ணி தேங்கிய நெல் வயலும் மீத்தேன் விடும். கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாறு அணை (1895) தண்ணீரில் இருபோகம் விளைவது 14,707 ஏக்கர். கிலோவுக்குக் கிலோ, கார்பன்-டை-ஆக்சைடைவிட அதிகமாகப் பூமியைச் சூடாக்கும் வாயு இது. பூமிக்கே கொள்ளி! வயலை அவ்வப்போது காயவிட்டுப் பாய்ச்சினால் குறையும்.

தாத்தா பயந்தது சரி. அரிவாளுக்குப் பதில் மடையை அடைத்திருக்கலாம்.