முட்டுக்கட்டை இல்லாமல் தேர் திரும்புமா?

'முட்டுக்கட்டை போடுதல்' என்றால் என்ன? ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ எந்த ஏழாம் வகுப்பில் கேட்டாலும் பதில் சட்டென்று வரும்: "தடை செய்தல்!" வழிகாட்டி நூலிலும் அப்படித்தான் போட்டிருக்கும். எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் தம்பி, தங்கைகளே, அந்தப் பதில் பாதிதான் சரி என்கிறேன் நான். மீதிப் பாதி ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் கிடக்கிறது.

எதற்காக இந்தப் பேச்சு? 2022-லும் 2023-லும் 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் இரண்டு பாகங்களாக வந்தது அல்லவா? படம் பார்த்த கையோடு கல்கியின் நாவலைத் தேடி எடுத்த சிறுவர்கள் பலர். அவர்களில் சிலர் ஐம்பது பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டார்கள். "பக்கத்துக்குப் பக்கம் உவமை, பழமொழி, மரபுத்தொடர்! ஒன்றும் புரியவில்லை" என்பது அவர்கள் புகார். உடனே பெரியவர்கள் ஒரு வழி சொல்கிறார்கள்: "அதையெல்லாம் எடுத்துவிட்டுக் கதையை மட்டும் சுருக்கிக் கொடுத்தால் போதும்."

எனக்கு இதில் சம்மதம் இல்லை. கதை மட்டும் போதுமென்றால் படமே போதுமே! படத்தில் காட்ட முடியாத ஒன்று புத்தகத்தில் இருக்கிறது. அதைத்தான் சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டி எறிகிறார்கள்.

கல்கி இந்த நாவலை 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக எழுதினார். மொத்தம் ஐந்து பாகங்கள். முதல் பாகத்துக்கு அவர் வைத்த பெயர் 'புது வெள்ளம்'. கதை ஆடிப்பெருக்கன்று தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரைமேல் வீரநாராயண ஏரிக்கரையில் வருகிறான். (இன்று வீராணம் ஏரி என்கிறோமே, அதேதான்.)

ராஜபாளையத்துப் பிள்ளைக்கு இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். நம் ஊரில் ஆடி என்றால் காற்றுதானே? அம்மியே பறக்கும் என்பார்களே! அய்யனார் கோயில் ஆற்றில் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் அல்லவா வெள்ளம் வரும்? அப்படியிருக்க ஆடியில் எங்கிருந்து வெள்ளம்? காவிரி பிறப்பது குடகு மலையில். அங்கே தென்மேற்குப் பருவமழை ஆனி, ஆடியில் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் சோழநாட்டுக்கு வந்து சேரும் நேரம்தான் ஆடிப்பெருக்கு. ஒரே மாதம் ஓர் ஊருக்குக் காற்று, இன்னோர் ஊருக்கு வெள்ளம். அதனால்தான் ஊருக்கு ஊர் பழமொழியும் மாறுகிறது.

புது வெள்ளம் எப்படி இருக்கும்? தெளிவாக இருக்காது. செம்மண் கலங்கி, நுரை தள்ளி, குப்பை, செத்தை, சுள்ளி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும். இதைத் தெரிந்துகொண்டு அந்த முதல் பாகத்தைப் படித்துப் பாருங்கள். துடுக்கான ஓர் இளைஞன் புதிதாக உள்ளே வருகிறான். அவன் வந்த வேகத்தில் கடம்பூர் மாளிகையில் ஒளிந்து கிடந்த சதி மேலே மிதந்து வருகிறது. தலைப்பில் இருக்கும் வெள்ளம் வெறும் ஆற்று வெள்ளமா? 'புது வெள்ளம் - புதிய நீர்ப்பெருக்கு' என்று எழுதி வைத்தால் இது கிடைக்குமா?

ஒரு சொல்லின் பொருள் அகராதியில் கிடைக்கும். ஒரு மரபுத்தொடரின் பொருளோ அந்தப் பொருளையே போய்ப் பார்த்தால்தான் முழுதாகக் கிடைக்கும். நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். பார்க்க வேண்டியவை பலவும் உங்கள் இரண்டு ஊரிலேயே இருக்கின்றன.

இப்போது தேருக்கு வருவோம். அதே ஆடி மாதம் ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடும். வடம் பிடிக்க ஊரே திரளும். எல்லாரும் வடத்தைப் பார்ப்பார்கள், தேரின் உச்சியைப் பார்ப்பார்கள். நீங்கள் சக்கரத்தின் பக்கம் பாருங்கள். (தூரத்தில் நின்றுதான்! கிட்டே போகவே கூடாது.) அங்கே சிலர் கனத்த மரக்கட்டையும் கையுமாகச் சக்கரத்தோடு கூடவே நடப்பார்கள். அந்தக் கட்டைதான் முட்டுக்கட்டை.

தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. வடம் பிடித்து இழுக்கிற ஆயிரம் பேருக்கும் முன்னால் இழுக்க மட்டும்தான் தெரியும். தேர் கோணலாகப் போய்த் திண்ணையில் இடிக்காமல் இருப்பதும், வீதி முனையில் திரும்புவதும் அந்தக் கட்டையால்தான். ஒரு பக்கச் சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகினால் அந்தப் பக்கம் தயங்கும். மறுபக்கம் முன்னேறும். அவ்வளவு பெரிய தேர் மெல்லத் திரும்பும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் அதே கட்டைதான். இப்போது பல ஊர்த் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்துவிட்டன. இருந்தாலும் கட்டைக்கு இன்னும் வேலை போகவில்லை.

ஆக, முட்டுக்கட்டை தேரைத் தடுக்கவும் செய்யும். வழி நடத்தவும் செய்யும். நாம் பேசும்போது முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். பாவம், கட்டைக்குக் கெட்ட பெயர்!

இதை வைத்துக்கொண்டு பொன்னியின் செல்வனைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். பழுவேட்டரையர்கள் ஆதித்த கரிகாலனின் பட்டத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள். இது நமக்குத் தெரிந்த பொருள். முதன்மந்திரி அநிருத்தப் பிரம்மராயர்? அவர் யாரோடும் வாள் எடுத்துச் சண்டை போடுவதில்லை. கூட்டத்தோடு சேர்ந்து வடமும் இழுப்பதில்லை. எந்தச் சக்கரத்தின் அடியில் எப்போது கட்டை வைப்பது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். என்னைக் கேட்டால் அந்த நாவலில் உண்மையான முட்டுக்கட்டை அவர்தான்! இது என் கருத்து. நீங்கள் வேறு யாரையாவது சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்.

அவருடைய ஒற்றன் பெயரையும் கவனியுங்கள்: ஆழ்வார்க்கடியான். அடி என்றால் பாதம். பாதத்தில் கிடப்பவன் அடியான், அதாவது தொண்டன். பன்னிரண்டு ஆழ்வார்களில் பெரியாழ்வார், ஆண்டாள் என்று இருவரைத் தந்த ஊரில் அந்தச் சொல்லை நாள்தோறும் கேட்கிறோம். அதற்குள் ஒரு பாதம் இருப்பது யாருக்காவது நினைவுக்கு வருகிறதா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மட்டும் தேர் கொடுத்துவிட்டேன் என்று ராஜபாளையத்துக்காரர்கள் கோபிக்கக் கூடாது. உங்களுக்குத் துணி! 'ஊடும் பாவுமாக' என்று பழைய எழுத்தாளர்கள் எழுதுவார்கள். தறியில் நீளவாக்கில் கட்டும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடு. சாதாரணச் சட்டைத் துணியில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆனால் ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். இழைக்கு இழை இடைவெளி இருப்பதால் எது நெட்டை, எது குறுக்கு என்று கண்ணுக்கே தெரியும்.

கல்கியின் நாவலும் அப்படி நெய்ததுதான். அருள்மொழிவர்மர், குந்தவை, ஆதித்த கரிகாலன், வந்தியத்தேவன் ஆகியோர் வரலாற்றில் இருந்தவர்கள். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் கல்கியின் கற்பனை. வரலாறு பாவு, கற்பனை ஊடு. பாவை மட்டும் உருவி எடுத்தால் துணி நிற்காது. ஊடை மட்டும் எடுத்தாலும் நிற்காது.

இன்னும் ஒன்றே ஒன்று. 'மடை திறந்தாற்போல் பேசினான்' என்பதற்கு நிறுத்தாமல் பேசினான் என்று எழுதுகிறோம். கண்மாய் மடையைப் பார்த்தவர்கள் அதோடு விடமாட்டார்கள். மடை திறக்கும்வரை தண்ணீர் அடைபட்டுக் கிடந்தது அல்லவா? அப்படியானால் பேசியவனும் வெகுநாள் எதையோ மனத்தில் அடக்கி வைத்திருந்தான். எதை? அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோன்றுகிறதா?

'மணிமகுடம்', 'தியாகச் சிகரம்' என்ற நான்காம், ஐந்தாம் பாகத் தலைப்புகளைப் பற்றி நான் வாயே திறக்கப்போவதில்லை. திறந்தால் முடிவு தெரிந்துவிடும். மகுடம் என்றால் தலையில் வைக்கும் பொன் மட்டும்தானா என்று ஆகுபெயர் படித்த அண்ணன், அக்காவிடம் கேட்டு வையுங்கள்.

நூலகத்துக்குப் போனால் முதல் பாகத்தை யாராவது எடுத்துப் போயிருக்கலாம். அடுத்து உங்களுக்குத்தான் என்று நூலகரிடம் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.