கேம்ப் நோவில் முப்பதாயிரம் வெள்ளைச் சட்டைகள்

ஐரோப்பியக் கால்பந்தில் சீசன் டிக்கெட் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரே விளக்கம்தான் வருகிறது. ஸ்டேடியம் சிறியது, ரசிகர்கள் அதிகம், அதனால் டிக்கெட் கைமாறி விலை ஏறுகிறது; பெரிதாகக் கட்டிவிட்டால் சரியாகிவிடும்; அதுவரை மறுவிற்பனை ஒரு சேவை. கிளப் நிர்வாகிகளும் மறுவிற்பனைத் தளங்களும் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பட்டியலில் நிற்கும் ரசிகர்களே இதை நம்புவதுதான் எனக்கு வருத்தம். இந்த விளக்கம் ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் தவறு.

முதலில் இடப் பற்றாக்குறை. 2022 ஏப்ரல் 14 அன்று பார்சிலோனாவின் கேம்ப் நோவில் யூரோப்பா லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டம் நடந்தது. எதிரணி ஜெர்மனியின் ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட். 99,354 பேர் அமரக்கூடிய அந்த ஸ்டேடியம் அப்போது ஐரோப்பாவிலேயே பெரியது. விருந்தினர்களுக்கு ஒதுக்கியது 5,000 இடங்கள். உள்ளே வந்த ஃபிராங்ஃபர்ட் ரசிகர்களோ சுமார் 30,000 பேர். பேசிவைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள்; பார்சிலோனாக்காரர்களுக்கு அது பரம எதிரி ரியல் மாட்ரிட்டின் நிறம். சொந்த மண்ணில் சொந்த அணியின் குரல் அமுங்கிப்போனது. உள்ளூர் ஆதரவுக் குழுவினர் எதிர்ப்பைக் காட்ட, இரண்டாம் பாதி தொடங்கியபோது தங்கள் இடத்துக்குத் திரும்ப மறுத்தார்கள். பார்சிலோனா 3-2 என்று தோற்று வெளியேறியது. நடந்ததற்கு வெட்கப்படுவதாகத் தலைவர் ஜோன் லபோர்ட்டா வெளிப்படையாகச் சொன்னார்.

அன்று வந்தவர்கள் மொத்தம் 79,000 பேருக்குச் சற்று அதிகம். அதாவது ஏறக்குறைய 20,000 இருக்கைகள் காலி. இடமில்லாததால் உள்ளூர்க்காரர் வெளியே நிற்கவில்லை. இடம் இருந்தது, இருக்கையின் உரிமையாளர்கள்தான் வரவில்லை. அது புனித வியாழன், ஈஸ்டர் விடுமுறைக் காலம். பலர் ஊரில் இல்லை. ஜெர்மனியிலிருந்து நேரடியாக வாங்க முடியாதபடி தடுத்திருந்ததாக கிளப் சொன்னது. தடுத்தும் டிக்கெட்டுகள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன என்றால், நடுவில் கைமாற்றியவர்கள் இருந்தார்கள் என்றுதானே பொருள்? இதே ஸ்டேடியத்தை இப்போது சுமார் 1,05,000 பேருக்காகப் புதுப்பித்து வருகிறார்கள். அன்றைய கோளாறுக்கு இன்னும் சில ஆயிரம் நாற்காலிகள் எப்படி மருந்தாகும்?

லண்டனில் ஆர்சனல் 2006இல் சுமார் 38,000 பேர் கொள்ளும் ஹைபரியை விட்டு 60,000க்கும் மேல் கொள்ளும் எமிரேட்ஸுக்குப் போனது. காத்திருப்போர் பட்டியல் மறையவில்லை. கொள்ளளவு என்பது கான்கிரீட் மட்டும் தீர்மானிப்பதும் அல்ல. டார்ட்மண்டில் ஜெர்மன் லீக் ஆட்டத்துக்கு 81,365 பேர் போகலாம். எல்லோரும் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்ற விதி வரும் சர்வதேச ஆட்டத்தில் அதே கட்டடம் சுமார் 66,000 பேரோடு நின்றுவிடும். ஒரு செங்கல்கூட நகரவில்லை. பதினைந்தாயிரம் பேரின் இடத்தை விதியே கூட்டவும் குறைக்கவும் செய்கிறது.

அடுத்த வாதம், மறுவிற்பனை காலி இருக்கையை நிரப்புகிறது என்பது. இதில் பாதி உண்மை உண்டு. வர முடியாதவர் அசல் விலைக்கே கிளப் வழியாகத் திருப்பிக் கொடுத்தால், பட்டியலில் நிற்கும் ஒருவர் உள்ளே வருவார். அதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். கூடுதல் விலைக்கு விற்க வழி இருக்கும்போது நடப்பது வேறு. ஆண்டுக்கு நாலு பெரிய ஆட்டத்தை விற்றாலே சீசன் கட்டணத்தில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும் என்றால், ஆட்டத்துக்கே போகாதவர்கூட டிக்கெட்டை விடமாட்டார். சின்ன அணிகளோடு மோதும் வாரநாள் இரவு ஆட்டங்களுக்கு யாரும் கேட்கமாட்டார்கள். அந்த இருக்கை வெறுமையாகவே கிடக்கும். இங்கிலாந்தில் பல கிளப்புகள் வந்தவர் கணக்கைச் சொல்லாமல் விற்ற டிக்கெட் கணக்கையே அறிவிப்பதால், அந்த வெறுமை எண்ணிக்கையில் தெரிவதுமில்லை.

காசு கொடுத்து வாங்கியது என் சொத்து, என்ன விலைக்கும் விற்பேன் என்பது மூன்றாவது. சீசன் டிக்கெட் மலிவாக இருப்பதே, அவர் எல்லா ஆட்டத்துக்கும் வருவார் என்ற எதிர்பார்ப்பில் தரப்படும் சலுகை. பார்சிலோனாவை உறுப்பினர்களே சொந்தமாக வைத்திருக்கிறார்கள். அங்கே அந்தச் சலுகையின் சுமை சக உறுப்பினர்கள் தலையில் விழுகிறது. ஆட்டத்தைப் பார்ப்பதற்காக அவர்கள் விட்டுக்கொடுத்ததை வியாபாரமாக்க ஒருவருக்கு என்ன உரிமை?

இதில் சட்டம் தலையிடக் கூடாது என்கிறார்கள் சிலர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி விற்பதைக் குற்றமாக்கியது. இரு அணி ரசிகர்களைப் பிரித்து உட்கார வைக்கும் ஏற்பாட்டை பிளாக் டிக்கெட் குலைத்துவிடும் என்பதே காரணம். இதற்கு ஹில்ஸ்பரோ ஸ்டேடிய நெரிசலைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 1989இல் அங்கே நடந்த, 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிரைப் பறித்த அந்த நெரிசலுக்கு டிக்கெட் இல்லாமல் வந்தவர்களே காரணம் என்று பரப்பப்பட்டது பொய். 2012இல் சுயேச்சைக் குழுவும் 2016இல் மரண விசாரணை ஜூரியினரும் ரசிகர்கள்மீது பழியில்லை என்றார்கள். அந்தப் பொய்யின் துணை இல்லாமலே சட்டத்தின் நியாயம் நிற்கிறது. கேம்ப் நோவின் அந்த இரவே போதும்.

விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்பதற்கும் பதில் இருக்கிறது. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் 77 பவுண்டு டிக்கெட்டை அறிவித்தபோது அதன் ஸ்டேடியமான ஆன்ஃபீல்டில் ஆயிரக்கணக்கானோர் 77ஆம் நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். சில நாளிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். வெளியூர் ரசிகர்களின் டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பு பிரீமியர் லீக்கில் வந்ததும் அதே ஆண்டுதான்.

கிளப்புகள் செய்ய வேண்டியது கட்டுமானத்தைவிட மிக மலிவானது. டிக்கெட்டில் பெயர் இருக்கட்டும். மறுவிற்பனை கிளப் வழியாக, அசல் விலைக்கு மட்டும் நடக்கட்டும். கிளப்பும் அதில் லாபம் வைக்கக் கூடாது. ஒரு சீசனில் பாதி ஆட்டத்துக்காவது அந்த இருக்கையில் யாராவது அமராவிட்டால், அது பட்டியலில் அடுத்தவருக்குப் போகட்டும். நோயாளிகளுக்கும் இரவுப் பணிக்காரர்களுக்கும் விலக்கு வேண்டும். குளிர்கால இரவில் வர முடியாத முதியவர் தன் டிக்கெட்டைப் பேத்தியிடம் கொடுப்பதை எந்த விதியும் தடுக்கக் கூடாது. அவள் பெயரைக் கிளப்பின் செயலியில் மாற்றிப் பதிய ஒரு நிமிடம் போதும். அதற்குக் கட்டணமும் கூடாது.