பண்டிகையும் இரைப்பையும்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நெல்லை, குமரி மாவட்டங்களிலுள்ள கிறிஸ்தவ ஊர்களில் எண்ணெய்ச் சட்டி அடுப்பைவிட்டு இறங்குவதில்லை. ஒரு வீட்டில் முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுபடும். அடுத்த வீட்டில் அச்சுமுறுக்குக்குத் தேங்காய்ப்பால் பிழியப்படும். முதலூர் மஸ்கோத் அல்வாவைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வருவோர் ஒருபுறம். பேக்கரி வாயிலில் கேக்குக்குக் காத்து நிற்போர் மற்றொருபுறம். வேலையின் பொருட்டு வெளியூர்களிற் பிரிந்து வாழும் குடும்பங்கள் ஒரு கூரையின்கீழ்க் கூடும் காலமும் இதுவே. இம்மகிழ்ச்சியைக் குறை கூறுவோமாயின் நாம் நன்றியற்றவராவோம். கானாவூர்க் கலியாணத்திற்குச் சென்றவரைத் தலைவராகக் கொண்ட சமயத்தாருக்கு விருந்து விலக்கன்று.

நமது வழக்கெல்லாம் ஒன்றனோடுதான். அது வற்புறுத்தல். பண்டிகைக் காலத்து அஜீரணத்துக்குக் காரணம் பலகாரம் என்று பலரும் கூறுவர். பலகாரம் தானே எழுந்து ஒருவர் வாய்க்குட் புகுவதில்லை. 'இன்னும் ஒன்று', 'எங்கள் வீட்டில் மட்டும் வேண்டாமா?', 'சாப்பிடாமற் போனால் மனத்தாங்கல்தான்' என்னும் சொற்களே அதனை உள்ளே தள்ளுகின்றன.

நம் ஊர்களிற் பண்டிகை நடைபெறும் முறையைச் சற்று நோக்குவோம். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவுகளிற் கீதபவனி புறப்படுகின்றது. பாடகர் குழு இருபது முப்பது வீடுகளில் ஏறி இறங்கும். நள்ளிரவு கடந்தபின்னும் வீடுதோறும் கேக்கும், முறுக்கும், பால் மிகுந்த தேநீரும் தட்டில் வரும். சிறுவர் பாதித் தூக்கத்தில் மென்றுகொண்டே அடுத்த தெருவுக்கு நடப்பர். பண்டிகையன்று கோழி கூவுமுன் எழுந்து ஆராதனைக்குச் சென்று திரும்பியதும், வெறும் வயிற்றில் முதலில் விழுவது இனிப்பு. பத்து மணிக்கு உறவினர் வீடுகளுக்குப் பயணம். நண்பகலில் ஆட்டிறைச்சிப் பிரியாணி. உண்டதும் பாயை விரித்து உறக்கம். எழுந்ததும் மீண்டும் தட்டு. இது புத்தாண்டு ஆராதனை வரை ஒரு வார காலம் நீள்கின்றது.

இந்த வாரத்தில் இரைப்பை படும் பாட்டை அறிய ஒரு பழைய வரலாறு துணை செய்யும். 1822ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் மாக்கினாத் தீவில் அலெக்ஸி செயிண்ட் மார்ட்டின் என்னும் தொழிலாளி துப்பாக்கிக் குண்டு தவறிப் பாய்ந்து வயிற்றிற் புண்பட்டார். உயிர் பிழைத்தார், ஆயினும் இரைப்பையில் விழுந்த துளை மூடவில்லை. அவருக்கு மருத்துவம் செய்த இராணுவ வைத்தியர் வில்லியம் போமண்ட், உணவுத் துண்டுகளை நூலிற் கட்டி அத்துளை வழியே உள்ளே இறக்கி, வெளியே எடுத்துப் பார்த்துச் செரிமானத்தைக் கண்ணால் ஆராய்ந்தார். 1833இல் அவற்றை நூலாக வெளியிட்டார். நெய்ப்பசை மிக்க உணவு எளிதிற் செரியாதென்பதும், சினமும் மனக்கலக்கமும் இரைப்பையின் தொழிலைக் கெடுக்குமென்பதும் அவர் கண்டவற்றுள் சில. (விருந்தினரை வற்புறுத்திச் சினமூட்டும் இல்லத்தார் இரண்டாவதனையும் கருதுவாராக.)

பிற்கால அறிஞர் இதன் காரணத்தையும் விளக்கினர். கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்தை எட்டியதும் ஒரு சுரப்பு குருதியிற் கலந்து, பித்தப்பையைச் சுருங்கச் செய்வதோடு, இரைப்பை தன் சுமையை மெல்ல மெல்ல விடுமாறும் செய்கின்றது. இது கேடன்று, குடலுக்கு அவகாசம் தரும் ஏற்பாடேயாம். ஆனால் முன்னதே வெளியேறாதிருக்க அதன்மேல் அடுத்த வீட்டுத் தட்டு வந்து விழுமாயின் வயிறு உப்பாமல் என் செய்யும்? அந்நிலையிற் படுத்தால், உணவுக்குழலின் அடிவாயிலைத் தாண்டிப் புளிநீர் மேலேறி நெஞ்சை எரிக்கும். உண்டபின் மூன்று மணி நேரமாவது படுக்கலாகாது என மருத்துவர் கூறுவது இதனாலேயே.

இளையோர்க்கு இஃது ஓரிரவுத் துன்பம். முதியோர் நிலை வேறு. நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் நீரிழிவுடையவர். பண்டிகையன்று அவர் பன்னிரண்டு வீடுகளுக்குச் சென்றார். ஒவ்வொரு வீட்டாரும், 'தாத்தா, ஒரு துண்டுதானே! ஒன்றும் செய்யாது' என்று அன்போடு நீட்டினர். அவர் கூறிய மறுப்பைக் கேட்டு எல்லாரும் நகைத்தனர், ஒருவரும் செவிகொடுத்திலர். ஒரு துண்டு கொடுத்ததையே ஒவ்வொரு வீடும் அறியும். பன்னிரண்டின் தொகையை எவரும் கூட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவர் மருத்துவமனையிற் கிடந்தார். பிழைத்து வந்தார் என்பது கடவுள் அருள். அவரை அங்கே அனுப்பியவர் பகைவரல்லர், அவர்பால் உண்மையன்பு உடையவரே என்பதுதான் நம்மை வருத்துவது.

இவ்வாறு கூறினால் வேதத்தைக் காட்டி நம்மை மடக்குவோர் உளர். ஆண்டவர் எழுபது சீடரை அனுப்பியபோது, முன்வைக்கப்படுவதை உண்ணுங்கள் என்றாரல்லரோ என்பர். ஆம், லூக்கா பத்தாம் அதிகாரத்தில் அவ்வாறே உள்ளது. ஆயின் அதற்கு முந்திய வசனத்தையும் படித்தல் வேண்டும். வீட்டுக்கு வீடு போகாதிருங்கள் என்றும் அதே மூச்சில் அவர் கட்டளையிட்டார். ஒரு வீட்டிலே தங்கி அங்கே கிடைத்ததை உண்பவனுக்குரிய விதியைப் பன்னிரண்டு வீடுகளில் ஏறி இறங்குபவனுக்குப் பொருத்துவது முறையன்று. தேனைக் கண்டாலும் மட்டாகவே உண்ணுமாறு நீதிமொழிகள் எச்சரிப்பதை இவர்கள் ஏனோ எடுத்துக்காட்டுவதில்லை.

தமிழ் பயிலும் நண்பர் சிலர் வேறொரு படைக்கலம் ஏந்துவர்: வற்புறுத்தி ஊட்டுதல் தமிழர் மரபு என்பது. பொருநராற்றுப்படையை அவர்கள் காட்டலாம். அங்கே கரிகாற் பெருவளத்தான் பொருநனுக்கு ஊனும் சோறும் அளித்து மேன்மேலும் உண்ணுமாறு வேண்டுகின்றான். இரவும் பகலும் ஊன் தின்றமையாற் பற்கள் உழுபடைக் கொழுப்போலத் தேய்ந்தன என்று பொருநனே கூறுகின்றான். சிறந்த பாட்டு, நாமும் விரும்பிப் படிப்பதே. ஆனால் அப்பொருநன் யார்? பசியோடும் கந்தலாடையோடும் வழி நடந்து வந்தவன். நாணத்தால் அவன் கை பின்வாங்காதிருக்க அரசன் வற்புறுத்தினான். அதுவே அங்கு அறம். காலையில் நான்கு வீடுகளில் உண்டு வந்த நம்மையும் அப்பொருநனாகவே கருதி உபசரிப்பது, மரபின் உயிரை விட்டு உடலை மட்டும் காத்தலாகும். அப்படியும் அவன் ஒருநாள் ஊருக்குச் செல்ல விடைகேட்டான். அரசனும் வருந்தியாயினும் விடுத்தான். நம் இல்லத்தாரோ விடுவதில்லை!

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஆறனை உணவின் அளவுக்கும் காலத்துக்குமே ஒதுக்கினார். முன்னுண்டது அற்றதை அறிந்து, பசித்தபின் உண்க என்பதே அவற்றின் சாரம். உண்பவனே அறியக்கூடிய இதனைப் பரிமாறுபவர் அறிதல் இயலாது. ஆதலின் 'போதும்' என்று கூறும் உரிமை உண்பவனுடையதே.

வேறிரண்டு செய்திகளையும் சுருங்கக் கூறுதல் வேண்டும். நண்பகற் பிரியாணியை மாலை வரை மேசைமேல் வைத்திருந்து இரவில் சூடாக்கி உண்பது பல வீட்டு வழக்கம். வேகும்போது சாகாத சில நுண்ணுயிர் விதைகள் சோறு ஆறியபின் முளைத்துப் பெருகும். அவற்றுள் ஒருவகை விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினும் அழியாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் உண்ணவோ குளிர்ப்பெட்டியில் வைக்கவோ வேண்டும். மற்றொன்று இதனினும் பெரிது. விருந்துக்குப்பின் நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் தோன்றி, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால், அதனை வாய்வு என்று கருதிச் சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்துக் காத்திருத்தல் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம். பண்டிகை நாளாயிற்றே என்று தயங்காது அந்நொடியே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

இனி, நாம் வேண்டுவன பெரியனவல்ல. தட்டை நடுவில் வைத்துவிட்டு, வந்தவர் தாமே எடுத்துக்கொள்ள விடலாம். ஒருமுறை கேட்பது அன்பு. இரண்டாம் முறையும் பொறுக்கலாம். பாடகர் குழுவினர் வீட்டுக்கு வீடு உண்ணாது, பவனி முடிந்தபின் ஓரிடத்திற் கூடிச் சூடான இட்டலி உண்டு கலையலாம். மேலும், நம் தட்டுகள் பெரும்பாலும் பதில் தட்டு வரும் வீடுகளுக்கே செல்கின்றன. திருப்பிச் செய்ய இயலாதவரையே விருந்துக்கு அழைக்குமாறு கூறும் லூக்கா பதினான்காம் அதிகாரம் நம் தெருக்கோடி வரை இன்னும் வந்து சேரவில்லை. நாம் வற்புறுத்திய பத்து முந்திரிக்கொத்துகளை அங்குள்ள குழந்தைகள் வற்புறுத்தலின்றியே உண்பர்.

விடுதி மாணவர்தம் அன்னையர்க்கும் ஒரு விண்ணப்பம். விடுமுறை முடிந்து ஜனவரியில் மைந்தர் திரும்பும்போது இரண்டு டின் பலகாரம் கட்டிக் கொடுப்பதை ஒன்றாகக் குறைத்தருள்க. இரண்டாம் டின்னை முடிப்பது எப்போதும் நாங்களல்லோம். விடுதிச் சுவரோரத்து எறும்புகளே.