மூளையின் அரணும் அரசின் கடமையும்

ரத்தத்தில் கலந்து ஓடும் கிருமிகளும் நச்சுப் பொருள்களும் மூளைக்குள் புகாமல் காப்பது, அங்குள்ள நுண்ணிய ரத்த நாளங்களின் உட்சுவரில் நெருங்கிப் பிணைந்து நிற்கும் செல்களின் அரண். ரத்த - மூளைத் தடுப்பு என்று மருத்துவம் இதை அழைக்கிறது. தலைக்காயம், பக்கவாதம், மூளைக்காய்ச்சல் ஆகியவற்றால் இந்த அரண் கசியத் தொடங்கினால், அல்புமின் போன்ற ரத்தப் புரதங்கள் மூளைத் திசுவில் இறங்கி அழற்சியையும் வலிப்பையும் தூண்டக்கூடும்.

இக்கசிவைக் கண்டறிய, மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. படம் எடுக்க வேண்டும். அல்லது முதுகுத்தண்டு நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனையை மட்டுமே நம்பியிருக்கும் ஏழை நோயாளிக்கு இவற்றை அடிக்கடி செய்துபார்ப்பது நடவாத காரியம்.

இந்நிலையில், இஸ்ரேல், அமெரிக்க ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2019-ல் வெளியிட்ட முடிவு இந்தியாவின் கவனத்துக்கு உரியது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனையில், சில விநாடிகளே தோன்றி மறையும் மெதுவான அலைகளை மறதி நோயாளிகளிடமும் வலிப்பு நோயாளிகளிடமும் அவர்கள் கண்டனர். வலிப்பு நோயாளிகளிடம் அந்த அலைகள் எழும் இடமும் அரண் கசியும் இடமும் ஒத்துப்போயின. எலியின் மூளைக்குள் அல்புமினைச் செலுத்தியபோதும் அதே வகை அலைகள் எழுந்தன. எனினும், உறக்கமும் சில மருந்துகளும்கூட மூளை அலைகளை மெதுவாக்கும். ஆகவே, இப்பதிவை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது அவசரமாகிவிடும்.

அவசரத்தின் விலையை இந்தியா அறியும். மூளை மின்னலைகளைக் கொண்டு சந்தேக நபரின் நினைவைப் படிக்கலாம் என்று கருதி, 2008-ல் புணே நீதிமன்றம் ஒன்று கொலை வழக்கில் அத்தகைய சோதனையை ஆதாரங்களுள் ஒன்றாக ஏற்றது. ஒப்புதலின்றி எவரையும் இச்சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 மே 5-ல் தீர்ப்பளித்த பிறகே அதற்குக் கடிவாளம் விழுந்தது.

ஆனால், எச்சரிக்கை செயலற்றிருப்பதற்குச் சாக்காகிவிடக் கூடாது. இந்தியாவில் வலிப்பு நோயாளிகள் 1 கோடிக்கு மேல் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் உடலில் புகுந்து மூளையில் கட்டிகளாக மாறுவது இங்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. மேலைநாடுகளில் இது அரிது. வெளிநாட்டு அளவுகோலை அப்படியே இங்கே பொருத்த இயலாது. பெங்களூரு நிமான்ஸ், தில்லி எய்ம்ஸ் போன்ற அரசு நிறுவனங்களே இந்திய நோயாளிகளிடம் எம்.ஆர்.ஐ. படத்தையும் இ.இ.ஜி. பதிவையும் ஒப்பிட்டு உரிய அளவுகோலை வகுக்க வேண்டும்.

அதற்குப் பணம் எங்கே? 2020-21 கணக்குப்படி, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் சென்றது 0.64 சதவீதம். 2023-ல் நாடாளுமன்றம் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியபோது, 5 ஆண்டுகளில் ரூ.50,000 கோடி என்றது அரசு. அதில் சுமார் ரூ.36,000 கோடி அரசுக்கு வெளியே இருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. லாபம் நாடும் முதலீடு, ஏழை நோயாளிக்கான மலிவான சோதனையைத் தேடி வருமா?

வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த சட்டப் பிரிவை 1999-ல் திருத்தி, அந்நோயாளிகளின் மதிப்பை மீட்டுத் தந்தது நாடாளுமன்றம். அவர்களுக்குரிய மருத்துவத்தைக் கேட்டுப் பெற்றுத் தருவதும் அதே மன்றத்தின் கடமைதான்.