வெட்டி விரிச்சா போதுமாய்யா?

மக்களே, கொஞ்சம் காந்தப் பதிவு. பொறுத்துக்குங்க.

லீனியர் மோட்டார்னா என்னன்னு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சுத்துற மோட்டாரை வெட்டி நேரா விரிச்சா அதுதான்." சரி, வெட்டின ரெண்டு முனையும் என்னாச்சு? அதை ஒருத்தரும் கேக்கறதில்ல.

எங்க குறிஞ்சிப்பாடி கைலிக்குப் பேர்போன ஊர். மூட்டின கைலிக்கு முனை கிடையாது. சுத்துற மோட்டாரும் அப்படித்தான். லீனியர் மோட்டார் மூட்டாத கைலி. காந்த வரிசை மேல நகர்ற இரும்போட ரெண்டு முனையையும் ஒவ்வொரு காந்தமும் முன்ன பின்ன இழுக்கும். கரண்டே வேணாம், கையால தள்ளினாலே தடக் தடக்னு தெரியும். மைக்ரான் கணக்குல நகரவேண்டிய மெஷினுக்கு இது பெரிய தலைவலி.

நம்மாளுங்க மாடல் எப்படிப் போடறாங்க? ஒரு ஜோடி துருவத்தை மட்டும் வரைஞ்சு, "இதே மாதிரி ரெண்டு பக்கமும் போய்க்கிட்டே இருக்கும்"னு எல்லை நிபந்தனை. கணக்கு சட்டுனு முடியும், படம் அழகா வரும். ஏன் வராது? முனையைத்தான் தூக்கியாச்சே!

சமீபத்துல பாத்த ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட்டுல (காலேஜ் பேர் வேணாம்) "வேகம் குறைவு, ஆகவே முனை விளைவு புறக்கணிக்கத்தக்கது"ன்னு ஒரே வரி. அடப்பாவிங்களா! வேகத்தோட கூடுறது இண்டக்‌ஷன் மோட்டார் சமாச்சாரம். அங்க புதுசா உள்ள நுழையற தகட்டுல சுழல் மின்னோட்டம் கிளம்பி வேலையைக் கெடுக்கும். (தறி நாடாவை ஓட்டப்போய் லீனியர் மோட்டார்ல இறங்கின எரிக் லெயித்வெயிட் காலத்துலேர்ந்து பேசற விஷயம்.) நிரந்தரக் காந்த மோட்டார் நின்னுக்கிட்டிருந்தாலே முனை இழுக்கும். மெதுவா போறப்பதான் இன்னும் நல்லா தெரியும்.

அப்புறம் மூணு ஃபேஸும் சமம்னு ஒரு கணக்கு. ஓரத்துச் சுருளுக்கு ஒரு பக்கம்தானே பக்கத்து வீடு? இண்டக்டன்ஸ் எப்படிய்யா சமமா வரும்?

முழு நீளத்தையும் வரைங்க. ரெண்டு பக்கமும் காத்து விடுங்க. கரண்டைப் பூஜ்யமாக்கி, கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி விசையை எடுங்க. இரும்போட நீளத்தைக் கூட்டிக் குறைச்சா ஒரு முனை இழுப்பை இன்னொரு முனை பெரும்பாலும் அடிச்சிடும். டேவிட் மீக்கரோட ஃபெம் மென்பொருள் இலவசம்தான். காசில்லைன்னு சொல்லவும் வழியில்ல.

"அதெல்லாம் கன்ட்ரோலர் பாத்துக்கும் சார்"ங்கறாங்க. எந்த இடத்துல எவ்வளவு இழுக்குதுன்னு கன்ட்ரோலருக்கு யாரு சொல்லுவா, அந்த ஒரு ஜோடித் துருவமா?