பழைய லேப்டாப்பை எடைக்குப் போடும் முன்...

பரணில் ஒரு பழைய லேப்டாப் இருக்கா மக்களே? அதை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இந்தப் பதிவைப் படிச்சிடுங்க.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 போடலாம்னா, 2017க்கு முன் வந்த பெரும்பாலான கம்ப்யூட்டர்களை மைக்ரோசாஃப்ட் ஏத்துக்காது.

"உங்க மெஷின் செத்துப்போச்சு, புதுசு வாங்குங்க" என்று கடையில் சொல்வாங்க.

ஆனா வயசை மட்டும் பார்த்து டெத் சர்டிஃபிகேட் எழுதறது எங்க துறையில் வழக்கம் இல்லை. கம்ப்யூட்டருக்கும் அது பொருந்தும்.

லினக்ஸ் என்று ஒன்று இருக்கு. 1991ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் பொழுதுபோக்காகத்தான் இதை ஆரம்பிச்சார். இன்னைக்கு உங்க கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு உள்ளேயும் ஓடுறது அதோட கெர்னல்தான். இலவசம், லைசென்ஸ் தொல்லையும் கிடையாது.

அதில் லினக்ஸ் மின்ட் என்ற வகைக்கு குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் போதும். 4 ஜிபி இருந்தா நிம்மதியா ஓடும். மெஷின் 64 பிட் ஆக இருக்கணும், அவ்வளவுதான்.

பயமா இருக்கா? அதை ஒரு பென்டிரைவில் ஏத்தி, அதிலிருந்தே லேப்டாப்பை ஆன் பண்ணிப் பாருங்க. இன்ஸ்டால் பண்ணாமலே முழுசா ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருதா, சவுண்ட் வருதா என்று பார்த்து, பிடிச்சா மட்டும் போடுங்க. போடும்போது "டிஸ்க்கை அழி" என்று ஒரு ஆப்ஷன் கேட்கும். அதை அழுத்தினா உள்ளே இருப்பது எல்லாம் போயிடும். வேண்டியதை முதல்ல வேற இடத்தில் காப்பி எடுத்துடுங்க.

சரி, "ஃபோன் இருக்கு, ஸ்மார்ட் டிவி இருக்கு, இந்தப் பழைய பெட்டி எதுக்கு டாக்டர்?" என்று கேட்பீங்க.

நியாயமான கேள்வி. பதில் அந்த லேப்டாப்போட பக்கவாட்டில் இருக்கு. டிவிடி டிரைவ்!

இப்ப வர்ற லேப்டாப்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. நம்ம வீடுகளில் 2000க்குப் பிறகு நடந்த கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் எதில் இருக்கு? பீரோவுக்குள் கிடக்கும் சிடி, டிவிடியில். அதில்தான் உங்க பாட்டி நடந்து வர்றாங்க, தாத்தா பந்தியில் நின்னு "இன்னும் கொஞ்சம் வைப்பா" என்று சத்தம் போடுறார். அந்தக் குரல் வேற எங்கேயும் இல்லை.

ஸ்டுடியோவில் ரைட் பண்ணித் தந்த இந்த டிஸ்க்குகளில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப்படலம். வெயில், வெக்கை, ஈரப்பதம் எல்லாம் அதைக் கெடுக்கும். நம்ம ஊர் சீதோஷ்ணம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். சத்தமில்லாம முத்தும் சர்க்கரை நோய் மாதிரிதான் இதுவும். வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே அழிஞ்சுட்டே வரும்.

அதனால முதல் வேலை அந்த டிஸ்க்குகளைக் காப்பாத்துறது.

டிவிடி என்றால் உள்ளே இருக்கும் "வீடியோ டிஎஸ்" ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணுங்க. விஎல்சி பிளேயரில் ஓடும்.

பாதியில் எரர் வருதா? லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கு. நல்லா இருக்கும் பகுதிகளை முதல்ல எடுத்து வச்சுக்கிட்டு, கெட்ட இடங்களைத் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். பிழைக்க வாய்ப்புள்ளவங்களை முதல்ல கவனிக்கிற கேஷுவாலிட்டி முறையேதான்.

பழைய விசிடி சாதாரணமா காப்பி ஆகாம அடம்பிடிக்கலாம். அதுக்கு விசிடிஇமேஜர் என்ற கருவி இருக்கு.

எடுத்த வீடியோவை டிவியில் பார்க்கணுமா? அதே லேப்டாப்பில் கோடி போட்டு எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோட இணைச்சிடுங்க. இல்லன்னா ஜெல்லிஃபின் போடுங்க, வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லா ஃபோனிலும் டிவியிலும் பார்க்கலாம். இரண்டுமே இலவசம். வீட்டுக்குள்ளேயே வச்சுக்கோங்க, இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீங்க.

ஒரு எச்சரிக்கை. "எல்லா சேனலும் ஃப்ரீ" என்று ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு விற்கும் பெயர் தெரியாத டிவி பாக்ஸ்களை வாங்காதீங்க. இந்த மாதிரி பெட்டிகள் சிலவற்றில் வாங்கும்போதே மால்வேர் இருக்கு என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரிச்சது. கோடி சட்டப்படியான மென்பொருள்தான். அதில் திருட்டு ஆட்-ஆன்களை ஏத்தி விற்பதுதான் பிரச்சினை.

லினக்ஸ் எல்லாருக்கும் சரிப்படும் என்று சொல்ல மாட்டேன். டாலி, ஃபோட்டோஷாப் வச்சுப் பிழைப்பவங்க விண்டோஸிலேயே இருங்க. ஓடிடி படங்களும் 4கே தரத்தில் வரும் என்று எதிர்பார்க்காதீங்க. எந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு, இதுக்கும் உண்டு.

கடைசியா, பழைய லேப்டாப் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. ஹார்ட் டிஸ்க்குக்கும் அட்டாக் வரும், முன்கூட்டி சொல்லிட்டு வராது. 3-2-1 என்று ஞாபகம் வச்சுக்கோங்க. மூணு காப்பி, ரெண்டு விதமான சேமிப்புச் சாதனத்தில், அதில் ஒண்ணு வீட்டுக்கு வெளியே. ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டு பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தால் போதும்.

என் கருத்து இதுதான். லேப்டாப் போனா இன்னொண்ணு வாங்கலாம். அப்பாவோட குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறங்க. டிஸ்க்குகளை எண்ணுங்க. வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தா இந்தப் பதிவைக் காட்டி, வேலையை ஒப்படைச்சிடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து செஞ்சா இன்னும் நல்லது.